ஊருக்கு வந்த மனநல மருத்துவம்

மனநல மருத்துவர் நோயைக் கணிப்பது பெரும்பாலும் கண்ணாலும் காதாலும்தான். நோயாளி எப்படி வந்து உட்காருகிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொல்கிறார், பேச்சு கோவையாக வருகிறதா, முகம் பேச்சோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். கூட வந்தவரிடம் விசாரிக்கிறார். பிறகு மருந்து எழுதுகிறார், அல்லது பேச்சு வழியே சிகிச்சை தருகிறார். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டிய துறைகளுக்கும் கத்தியெடுக்க வேண்டிய துறைகளுக்கும் முன்பாகவே இந்தத் துறை தொலைபேசிக்கும் வீடியோவுக்கும் மாற முடிந்ததற்கு இதுதான் காரணம். மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறிடத்திலும் இருக்க நடக்கும் இந்தச் சிகிச்சைக்குத் தொலைவழி மனநல மருத்துவம் என்று பெயர்.

இந்தியாவுக்கு இது ஏன் வேண்டும் என்பதை 2015-16இல் பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டியது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில், கோளாறின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பது அப்போதைய கணக்கு. இருக்கிற மருத்துவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான்.

தூரம் என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் கிராமத்து நோயாளியின் சிரமம் புரியாது. மனச்சிதைவு நோய் உள்ளவர் தனியாகப் பயணம் போக முடியாது. வீட்டில் ஒருவர் கூடப் போக வேண்டும். இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், ஒருவருக்காவது அன்றைய கூலி இழப்பு, நெரிசலான பேருந்தில் நோயாளி சத்தம் போட்டுவிடுவாரோ என்ற பயம், புற நோயாளிப் பிரிவில் அரை நாள் காத்திருப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தூரம். அதுவும் ஒரு முறையோடு முடிவதில்லை. மனச்சிதைவு நோய்க்கும் இருமுனைக் கோளாறுக்கும் ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் மகன் நன்றாகத் தூங்குகிறான், தனக்குத்தானே பேசுவது நின்றுவிட்டது என்றால், மூன்றாவது பயணம் தள்ளிப்போகும், நான்காவது நின்றேபோகும். சில மாதங்களில் நோய் திரும்பும். மருந்து வேலை செய்யவில்லை என்று குடும்பம் முடிவுகட்டும்.

மருத்துவமனை எட்டாதபோது குடும்பங்கள் எட்டுகிற இடத்துக்குப் போயின. திருச்சிக்கு அருகே குணசீலம் கோயிலும், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவும் தலைமுறைகளாக மனநோயாளிகளின் புகலிடங்களாக இருந்துவருகின்றன. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அந்தக் குடும்பங்களைப் பழிப்பதில் நியாயமில்லை. சிகிச்சை என்ற ஒன்று அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கும் இருக்கவில்லை என்பதே அந்தத் தீ உரக்கச் சொன்ன செய்தி.

முதல் முயற்சிகள்

கம்பி வழியே மனநலச் சிகிச்சை என்ற எண்ணம் கணினி யுகத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் சிசில் விட்சன் என்ற மருத்துவர் 1959இல் இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்தார். 1964இல் ஒமாஹா நகரிலிருந்த அந்த நிறுவனம் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. நோக்கம் இன்றைக்கு உள்ளதேதான்: நிபுணர் இல்லாத ஊரில் நிபுணரின் ஆலோசனை. செலவு மிக அதிகமாக இருந்ததால் அது பல காலம் ஆய்வுக்கூட முயற்சியாகவே நின்றது. பின்னால் வீடியோ தொழில்நுட்பம் மலிந்தபோது கனடா, ஆஸ்திரேலியா போன்ற, ஊர்கள் சிதறிக் கிடக்கும் நாடுகள் முதலில் அதைப் பிடித்துக்கொண்டன.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஸ்கார்ஃப் நிறுவனம். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு அது. 2010இல் அது புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. புதுக்கோட்டை சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017இல்தான்.

அந்தப் பேருந்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. தொலைவழிச் சிகிச்சைக்கு என்னவெல்லாம் வேண்டும் என்பதை அதன் அமைப்பே சொல்லிவிடுகிறது. உள்ளே ஒரு தடுப்பறை. அதில் தொலைக்காட்சித் திரை, கேமரா, இணைய இணைப்பு. நோயாளியும் வீட்டாரும் அங்கே உட்கார்ந்தால் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் வருவார். அடுத்த பகுதியில் மருந்தகம். மருத்துவர் எழுதும் மாத்திரை அங்கேயே, அப்போதே, கட்டணமின்றிக் கையில் கிடைக்கும். பேருந்துக்கு வெளியே பார்த்தபடி இன்னொரு திரையும் உண்டு. ஊரார் கூடும்போது மனநோய் பற்றிய படங்களை அதில் காட்டினார்கள். பேருந்து வருவதற்கு முன்னும் போன பின்னும் வேலை செய்தவர்கள் உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட களப்பணியாளர்கள். ‘காத்து கருப்பு பட்டுவிட்டது’, ‘செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று வீட்டுக்குள் வைத்திருக்கும் நோயாளியைப் பற்றி அவர்களிடம்தான் ஊர் பேசும். நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதும், ஆலோசனையின்போது அருகில் இருப்பதும், மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பிறகு வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் அவர்கள்தான்.

கணக்குப் பார்த்தால் இந்தத் திட்டத்தில் திரை செய்தது ஒரே வேலை: மருத்துவரின் பயண நேரத்தை மிச்சப்படுத்தியது. மற்ற எல்லாமே, அதாவது மருந்து, தனியறை, விசாரிக்கும் ஆள், தொடர்ந்து கவனிக்கும் ஆள், நோயாளியின் பக்கத்தில் இருந்தாக வேண்டியிருந்தது. தொலைவழிச் சிகிச்சை என்றால் ஒரு செயலியும் ஒரு கைப்பேசியும் போதும் என்று நினைத்துத் தொடங்கிய திட்டங்கள் தடுமாறுவது இதை மறப்பதால்தான்.

திரையில் தெரிவதும் தெரியாததும்

காணொளியில் மருத்துவரின் பரிசோதனை எங்கே சரியாக நடக்கிறது, எங்கே தவறக்கூடும் என்பது தனியே கவனிக்க வேண்டிய விஷயம். பேச்சின் பொருள், நினைவாற்றல், மருட்சி, காதில் கேட்கும் குரல்கள் பற்றிய விவரம் ஆகியவை திரையிலும் நன்றாகவே கிடைக்கின்றன. சிக்கல் நுட்பமான இடங்களில் வருகிறது.

முதலாவது, தாமதம். ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், பிறகு இருவரும் நிறுத்துவார்கள். சாதாரண உரையாடலில் இது எரிச்சல், அவ்வளவுதான். மனநல ஆலோசனையில் அப்படி விட்டுவிட முடியாது. கடும் மனச்சோர்வு உள்ளவர் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடுவார். அந்த இடைவெளியே நோயின் அடையாளம். கிராமத்து இணையம் விடும் இடைவெளியும் பார்வைக்கு அதேபோல இருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் தொடக்கத்திலேயே பெயர், ஊர், என்ன சாப்பிட்டீர்கள் என்று நாலு சாதாரணக் கேள்வி கேட்டு, அந்த இணைப்பின் வேகத்தை மனதில் அளந்துகொள்கிறார். பிறகுதான் நோயாளியின் வேகம் தெரியும்.

இரண்டாவது, சட்டகம். கேமரா பெரும்பாலும் முகத்தையும் தோளையும் காட்டுகிறது. மனச்சிதைவு மருந்துகள் சிலருக்கு ஒரு நிலையில் உட்கார முடியாத தவிப்பைத் தரும். கால்கள் ஓயாமல் ஆடும், மாறி மாறி ஊன்றும். மேசைக்குக் கீழே நடப்பது திரையில் வராது. நோயாளி சொல்லத் தெரியாமல் தவிப்பார். பதற்றம் கூடிவிட்டது என்று மருந்தின் அளவை ஏற்றினால் தவிப்பு இன்னும் கூடும். நோயாளியை எழுந்து நாலடி நடந்து காட்டச் சொல்வதும், கைகளை நீட்டச் சொல்வதும், கேமராவைப் பின்னே தள்ளி முழு உருவத்தைப் பார்ப்பதும் இதற்காகத்தான். மருந்தால் தசை விறைத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. முழங்கையை மடக்கி நீட்டிப் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை அருகிலிருக்கும் செவிலியருடையது. மூச்சில் சாராய வாடை அடிக்கிறதா என்பதும் அவர் சொல்லித்தான் மருத்துவருக்குத் தெரியும்.

தொடக்க காலத்தில் மருத்துவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள், தொலைக்காட்சி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று நம்பும் நோயாளியைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தால் மருட்சி கூடிவிடாதா? நடைமுறையில் அந்தப் பயம் பெரும்பாலும் பொய்த்தது. திரையில் வருபவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லும்போது, பெரும்பாலான நோயாளிகள் அவரை மருத்துவராகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அறையில் வேறு யார் இருக்கிறார்கள், பேச்சு பதிவாகிறதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது இதற்கு உதவுகிறது.

பலன் எவ்வளவு

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளியாயின. 495 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை நேரிலும் மற்றவரைக் காணொளியிலும் மனநல மருத்துவர்கள் பார்த்தார்கள். குணமடைவதில் வேறுபாடு இல்லை. காணொளிச் சிகிச்சையின் செலவு சுமார் 10 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை, 2006 முதல் 2010 வரை தொலைவழிச் சிகிச்சையில் சேர்ந்த 98,609 பேரின் பதிவுகளைப் பார்த்தது. சேர்ந்த பின் மனநலக் காரணத்துக்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இந்தக் கணக்கில் இல்லை என்பதால், குறைவு முழுவதையும் காணொளியின் வரவில் எழுதிவிட முடியாது.

கிராமப்புறத் திட்டங்களுக்கு இவற்றைவிடப் பயனுள்ள ஆய்வு 2021இல் வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா, மிச்சிகன், வாஷிங்டன் மாநிலங்களில் மனநல மருத்துவரே இல்லாத 24 ஆரம்ப சிகிச்சை நிலையங்களில், இருமுனைக் கோளாறோ, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறோ இருக்கக்கூடியவர்களாகக் கண்டறியப்பட்ட 1,004 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்குத் தொலைவிலிருந்த மனநல நிபுணர்களே நேரடியாகக் காணொளியில் சிகிச்சை தந்தார்கள். இன்னொரு குழுவினருக்கு உள்ளூர் மருத்துவரே மருந்து எழுதினார். நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க ஒரு பணியாளர் இருந்தார். மனநல மருத்துவர் பின்னால் இருந்து ஆலோசனை சொன்னார். ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். எந்த முறையும் மற்றதைவிட மேலானதாகத் தெரியவில்லை. இரண்டாவது முறையில் ஒரு நிபுணரின் நேரத்தைக் கொண்டு இன்னும் பல நோயாளிகளைக் கவனிக்கலாம். ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லாத நாடு முதலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு வெளிச்சமாகக் காட்டுகிறது.

அந்த வழியில் இந்தியாவிலும் வேலை நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தன் எதிரே நோயாளி இருக்கும்போதே நிம்ஹான்ஸ் நிபுணரைக் காணொளியில் வைத்துக்கொண்டு, மனச்சோர்வையும் குடிநோயையும் கண்டறிந்து மருத்துவம் பார்க்கப் பழகுகிறார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய ‘எக்கோ’ முறையும், வாராவாரம் நிபுணரும் கிராமப்புற மருத்துவர்களும் திரையில் கூடி நோயாளிகளைப் பற்றி விவாதிக்கும் வடிவில், மனநலத்துக்கு வந்திருக்கிறது. கிராமத்தில் மனநோய் பெரும்பாலும் மனநோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘நெஞ்சு படபடன்னு இருக்கு’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஊசி போட்டுக்கொள்ள வருபவரை அடையாளம் காணக்கூடியவர் அந்த நிலையத்தின் மருத்துவர்தான்.

14416

உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி-மானஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்திடமோ அனுப்புவார். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் அறிமுகமானது. 2025க்குள் நாடு முழுவதும் வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின. சாதாரண பட்டன் போனிலேயே அழைக்க முடிவது இதன் பெரிய பலம். தூக்கமின்மை, தேர்வுப் பதற்றம், குடும்பச் சண்டை, தற்கொலை எண்ணம் போன்ற, அந்த நேரத்துக்கு ஒரு குரல் தேவைப்படும் நிலைகளுக்கு இது மிகவும் பொருத்தம். தனக்கு நோய் என்றே ஒப்புக்கொள்ளாத மனச்சிதைவு நோயாளி எந்த எண்ணையும் அழைக்க மாட்டார். அவருக்காக அழைக்க வேறொருவர் வேண்டும்.

கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி இருப்பதாகச் சொன்ன கிராமப்புறப் பெண்கள் 47 சதவீதத்துக்கும் குறைவு. கணவரின் போனில், ஒற்றை அறை வீட்டில், மாமியார் அடுப்படியில் இருக்க, ஒரு பெண் கணவரின் குடியையும் அடியையும் பற்றி மருத்துவரிடம் என்ன சொல்ல முடியும்? காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை அமைப்பது ஒரு வழி. அதைவிட நல்லது, அவரைச் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து அங்கே கதவு சாத்திய அறையில் திரையைத் தருவது. ‘வீட்டிலிருந்தே சிகிச்சை’ என்ற விளம்பர வாக்கியம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

நெருக்கடி வேளைக்கு முன்னேற்பாடு தேவை. நோயாளி இப்போது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறார், இணைப்பு அறுந்தால் யாரை அழைப்பது, அருகிலுள்ள மருத்துவமனை எது என்று ஒவ்வோர் ஆலோசனையின் தொடக்கத்திலும் மருத்துவர் குறித்துக்கொள்ள வேண்டும். விவசாயக் குடும்பமாக இருந்தால் பூச்சிமருந்து வீட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அதை அன்றே வெளியே எடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லி, செய்தார்களா என்று பார்க்க ஆளும் வேண்டும். தற்கொலை எண்ணம் பல நேரம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கிறது.

சட்டமும் மருந்தும்

2020 மார்ச் 25 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில், தொலைவழி மருத்துவத்துக்கான நடைமுறை விதிகள் வெளியாயின. அதுவரை தெளிவில்லாமல் இருந்த இந்த முறைக்கு அவை சட்டப் பாதுகாப்பு தந்தன. நோயாளியின் சம்மதம், மருத்துவரின் பதிவெண், ஆலோசனையின் குறிப்பு ஆகியவை கட்டாயம். காணொளியில் பார்த்தால் முதல் முறையே எழுதக்கூடிய மருந்துகள், ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு மட்டும் தொடர்ந்து எழுதக்கூடியவை, தொலைவழியில் எழுதவே கூடாதவை என மருந்துகள் பிரிக்கப்பட்டன. பழக்கத்துக்கு அடிமையாக்கும் அபாயம் அதிகமுள்ளவை கடைசி வகையில் வருகின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு தரும் மனநலச் சேவையை ஒவ்வொரு குடிமகனின் உரிமையாக ஆக்கியிருப்பதால், இந்த விதிகள் அரசின் கடமையோடும் சேர்ந்தவை.

சில மருந்துகளை எந்தக் கேமராவாலும் கண்காணிக்க முடியாது. இருமுனைக் கோளாறுக்கான லித்தியத்தின் அளவு இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் அதிகம் போனால் நஞ்சாகும். வெயில் காலத்தில் வயல் வேலை செய்து, வியர்த்து, தண்ணீர் போதாமல் இருப்பவருக்கு அது எளிதில் ஏறிவிடும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும். முதல் 18 வாரங்களுக்கு வாராவாரம் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒலான்சபின் எடுப்பவரின் எடையையும் சர்க்கரையையும் அளக்க வேண்டும். இரத்தம் எடுக்க ஆளும் ஆய்வகமும் உள்ள ஊரில்தான் இந்த மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதலாம். மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃபுளூபெனசின் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போட முடியும். ஊசி தேதிக்கு வராதவரைத் தேடிப்போகக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்க வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் மறுத்து அசையாமல் கிடப்பவர், பிரசவமான சில நாளில் புத்தி தடுமாறும் தாய், குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி இடம் காலம் தெரியாமல் உளறுபவர், காய்ச்சலோடு திடீரென்று குழம்பியவர் ஆகியோருக்குத் திரை ஏற்றதல்ல. ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்.